நாள் முழுவதும் நீரிறைக்கும் மின்மோட்டருக்குப் பற்றரி தெரிந்தெடுத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. காலபோக நெல்லை வடகீழ்ப் பருவமழை வளர்க்கின்றது. மழை நின்ற பின்னர் வெங்காயம், மிளகாய், புகையிலை, கத்தரி, வாழை, உருளைக்கிழங்கு ஆகிய தோட்டப் பயிர்களை வளர்ப்பது கிணறே. துலா மிதித்துப் பனையோலைப் பட்டையால் நீரிறைத்த காலம் போய் மண்ணெண்ணெய் இறைப்பு யந்திரம் வந்தது. அதன் பின் மின்சாரப் பம்பி வந்தது. இப்பொழுது சூரியப் படலும் பற்றரியும் கொண்டு ஓடும் சிறு மோட்டர்களைப் பற்றிக் கமக்காரர் பலர் கேட்கின்றனர்.

அவ்வாறு கேட்பதற்குத் தக்க காரணம் உண்டு. 1990 ஆம் ஆண்டின் பின்னர் எரிபொருளும் உலர்மின்கலமும் குடாநாட்டுக்கு வருதல் தடைப்பட்டிருந்த காலத்தை மூத்த கமக்காரர் மறந்திரார். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் விலை இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. வெங்காயம் குமிழ் கட்டும் வேளையில் இரண்டு முறை நீர் தவறினால் விளைச்சல் எவ்வாறு இருக்குமென்பதை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும், தவறான பற்றரியை வாங்கியவர் ஒரு போகத்தின் இலாபத்தை இழந்துவிடலாம். கடையில் நூறு அம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் பெட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. எனவே, வாங்குமுன் பின்வருவனவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

முதலில் நீரைக் கணக்கிடுக

“நாள் முழுவதும் ஓட வேண்டும்” என்று கேட்பவரிடம் நாம் முதலிற் கேட்பது, எத்தனை இலீற்றர் நீர் வேண்டும் என்பதே. மோட்டர் ஓடும் மணித்தியாலம் பயிருக்குத் தெரியாது. நீரின் அளவே தெரியும்.

கோடையில் நன்கு வளர்ந்த தோட்டப் பயிருக்கு நாளொன்றுக்கு 6 மில்லிமீற்றர் உயர நீர் வேண்டுமென எடுத்துக்கொள்வோம். 16 பரப்பு ஓர் ஏக்கராதலால் 8 பரப்புத் தோட்டம் ஏறக்குறைய 2,000 சதுர மீற்றர் ஆகும். அதற்கு நாளொன்றுக்கு 12,000 இலீற்றர் நீர் தேவை. மண் வாய்க்காலில் ஊறிப்போவதையும் பாத்தியில் மிகையாக நிற்பதையும் சேர்த்தால் 18,000 இலீற்றர் இறைத்தல் வேண்டும். மணிக்கு 10,000 இலீற்றர் தரும் சிறு பம்பிக்கு இது இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த வேலையே.

அங்ஙனமாயின் நாள் முழுவதும் ஓட வேண்டிய தேவை எங்கிருந்து வருகின்றது? பங்குக் கிணற்றிலிருந்து வருகின்றது. நான்கு பங்காளர் உள்ள கிணற்றில் உங்கள் முறை நான்கு நாளைக்கு ஒருமுறை வருமாயின், நான்கு நாளுக்குரிய 72,000 இலீற்றரையும் அந்த ஒரே பகலில் இறைத்தாக வேண்டும். அதாவது அதே சிறு பம்பி ஏழு மணி நேரம் ஓட வேண்டும். விடியற்காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை, இடையில் நிற்காமல் ஓட வேண்டும். தனிக் கிணறு உடையவர்க்கும் பங்குக் கிணறு உடையவர்க்கும் ஒரே பற்றரி பொருந்தாது என்பதை இக்கணக்கிலிருந்தே காணலாம். இதனைப் பின்னரும் கூறுவோம்.

மோட்டர் கேட்கும் வலு

கிணற்று நீர்மட்டத்திலிருந்து வாய்க்காற் தலைப்பு வரை, குழாயின் உராய்வையும் சேர்த்து, 8 மீற்றர் உயர்த்த வேண்டுமெனக் கொள்வோம். மணிக்கு 10,000 இலீற்றர் நீரை அவ்வுயரத்துக்குத் தூக்குவதற்கு வேண்டிய வலு 218 உவாற்று. பம்பியும் மோட்டரும் தாம் பெறும் வலுவில் நூற்றுக்கு நாற்பது அல்லது நாற்பத்தைந்து பங்கையே நீருக்குக் கொடுக்கும். எஞ்சியது சூடாகவும் சுழற்சியாகவும் வீணாகும். ஆகவே மோட்டர் பற்றரியிலிருந்து இழுப்பது ஏறக்குறைய 500 உவாற்று. ஏழு மணி நேரத்துக்கு 3,500 உவாற்று-மணி. இந்த ஓர் எண்ணை எழுதி வைத்துக்கொள்க. மற்றவை யாவும் இதிலிருந்தே பிறக்கும்.

நீர்மட்டம் ஆழமான கிணறுகளில் ஒரு செய்தியைக் கவனிக்க. தரையில் வைத்த பம்பி, நடைமுறையில் 7 மீற்றருக்கு மேல் நீரை உறிஞ்சமாட்டாது. ஆவணி, புரட்டாதியில் மட்டம் தாழும் கிணறாயின், கிணற்றினுள்ளே இறக்கும் அமிழ்பம்பியே தக்கது.

வீட்டில் ஏற்கெனவே உள்ள 1 குதிரைவலு மின்சாரப் பம்பியை இன்வேட்டர் கொண்டு பற்றரியில் ஓட்டலாமா எனச் சிலர் கேட்பர். ஓட்டலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். அப்பம்பி ஏறக்குறைய 1,100 உவாற்று இழுக்கும். இன்வேட்டரில் ஏற்படும் இழப்பையும் கூட்டினால் 1,250 உவாற்று. ஏழு மணி நேரத்துக்கு 8,750 உவாற்று-மணி. அது மணிக்கு இறைக்கும் நீரும் கூடுதல் என்பது மெய். ஆதலால் ஏழு மணி நேரம் வேண்டியிராது. எனினும், அது தொடங்கும் கணத்தில் தன் வழமையான ஓட்டத்தைப் போல ஐந்து அல்லது ஆறு மடங்கு ஓட்டத்தை இழுக்கும். அதனைத் தாங்கும் இன்வேட்டரும் பற்றரியும் பெரியனவாகவே இருத்தல் வேண்டும். பற்றரிக்கென வாங்கும் மோட்டர் மெதுவாகத் தொடங்கும் நேரோட்ட மோட்டராக இருப்பதே சிக்கனம்.

பெட்டியில் எழுதியிருக்கும் அளவு

பற்றரியின் கொள்ளளவு அம்பியர்-மணியில் எழுதப்படும். 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி எனில் 1,200 உவாற்று-மணி. இவ்வெண்ணை அப்படியே நம்பி மூன்று பெட்டிகள் போதுமெனக் கணக்கிடுவதே பெரும்பாலோர் விடும் பிழை. காரணங்கள் இரண்டு.

முதலாவது, அந்த 100 எந்த வேகத்தில் அளந்தது என்பது. ஈயப் பற்றரிகள் பெரும்பாலும் 20 மணி நேர வீதத்தில் அளக்கப்படும். அதாவது 5 அம்பியராக 20 மணி நேரம் எடுத்தால் 100 கிடைக்கும். அதே பற்றரியிலிருந்து 21 அம்பியரை ஒருங்கே எடுத்தால் எண்பது அல்லது எண்பத்தைந்து அம்பியர்-மணியே கிடைக்கும். விரைந்து எடுக்க எடுக்க ஈயப் பற்றரி குறைத்தே கொடுக்கும் என்பதனை 1897 ஆம் ஆண்டிலேயே பொய்க்கெற் என்னும் செருமானியர் எடுத்துக்காட்டினார். சூரிய வேலைக்கென விற்கும் சில பெட்டிகளில் 100 மணி நேர வீதத்தில் அளந்த பெரிய எண்ணை எழுதியிருப்பர். சி-20 எனவோ சி-10 எனவோ எழுதியிருப்பின் அந்த எண்ணையே கணக்கிற்கு எடுங்கள். சி-100 எனில் அதனை அவ்வாறே கொள்ளாதீர்கள். எதுவுமே எழுதப்படாத பெட்டியை வாங்காது விடுதல் நன்று.

இரண்டாவது, ஈயப் பற்றரியில் உள்ளதனைத்தையும் எடுத்தல் கூடாது. பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைந்து குறையும். ஆகவே, வேண்டிய சத்தியைப் போல இரு மடங்கு கொள்ளளவு வாங்க வேண்டும்.

இப்பொழுது நமது 3,500 உவாற்று-மணியை 24 வோல்ற்றில் வகுத்தால் 146 அம்பியர்-மணி. இரு மடங்காக்கினால் 292. 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணிப் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ற்று, 100 அம்பியர்-மணி கிடைக்கும். அத்தகைய சோடிகள் மூன்றைச் சமாந்தரமாக இணைத்தால் 300. ஆறு பற்றரிகள். மூன்று சோடிகளும் 21 அம்பியரைப் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொன்றும் 7 அம்பியரே கொடுக்கும். அது 20 மணி நேர வீதத்துக்கு அண்மையானது. எனவே மேற்சொன்ன முதலாவது குறை பெரிதும் நீங்கும். ஒரே சோடியை வைத்து ஓட்டினால் நான்கு மணி நேரத்தில் அது முற்றாக இறங்கிவிடும். ஒரு போகம் முடியுமுன் அது பயனற்றுப் போகவுங் கூடும்.

எந்த இனம்?

உழவு யந்திரத்தினதும் லொறியினதும் பற்றரி இவ்வேலைக்கு உதவாது. அது யந்திரத்தைத் தொடக்குவதற்கு ஆக்கப்பட்டது. சில கணங்களுக்குப் பெரிய ஓட்டத்தைக் கொடுக்கும் பொருட்டு அதனுள் மெல்லிய தகடுகள் பல உள. ஆழ இறக்கி ஆழ ஏற்றுவதைச் சில பத்து முறைகளுக்கு மேல் அத்தகடுகள் தாங்கா. “லான்மாஸ்ரர் பற்றரி சும்மா கிடக்கின்றது, கொழுவிப் பார்ப்போம்” என்று கொழுவுபவர், மோட்டரும் ஓடாது, உழவும் தொடங்காது நிற்பர்.

வேண்டியது ஆழச்சுற்றுப் பற்றரி. ஈயப் பற்றரியை 1859 ஆம் ஆண்டில் பிரான்சியரான காஸ்ரன் பிளான்ரே ஆக்கினார். அடிப்படை இன்றும் அதுவே. ஆழச்சுற்று வகையில் தகடு தடித்திருக்கும். வீட்டு இன்வேட்டருக்கென விற்கப்படும் குழாய்த்தகட்டுப் பற்றரி இவ்வகையினது. உயரமாகவும் பாரமாகவும் இருக்கும். பாரத்தைத் தூக்கிப் பார்ப்பது கிராமத்து முறையெனினும் பிழையான முறையன்று: ஒரே அளவு எழுதிய இரண்டு ஈயப் பற்றரிகளில் இலேசானது ஈயம் குறைந்தது.

மூடப்பட்ட ஈயப் பற்றரியும் உண்டு. அதற்கு நீர் ஊற்ற வேண்டியதில்லை. சரிந்தாலும் அமிலம் சிந்தாது. ஆனால் மிகை மின்னேற்றத்தால் ஒருமுறை உலர்ந்தால் அதனைத் திருத்த இயலாது. எமது வெப்பத்தில் இது கவனிக்க வேண்டியது.

மூன்றாவது இனம் இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி. 1990 களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் குடினஃபு என்பாரின் ஆய்வுகூடத்தில் இதன் வழி கண்டறியப்பட்டது. இதில் நூற்றுக்கு எண்பது பங்கை அச்சமின்றி எடுக்கலாம். விரைந்து எடுத்தாலும் குறைத்துக் கொடாது. பாரம் ஈயத்தின் பாதிக்கும் குறைவு. நமது கணக்குக்கு 25.6 வோல்ற்றில் 137 அம்பியர்-மணி. எண்பது பங்கே எடுப்பதாயின் 171. கடையிற் கிடைப்பது 200. ஆறு பெட்டிகளுக்குப் பதிலாக ஒன்று. ஆயின் அதனுள் இருக்கும் காவற்சுற்று எத்தனை அம்பியர் வரை விடும் என்று கேட்டறிதல் வேண்டும். மோட்டர் தொடங்கும் ஓட்டம் அதனை மிஞ்சினால் அது உடனே துண்டித்துவிடும். ஈயத்துக்குரிய மின்னேற்றியை இதற்குக் கொழுவுதல் ஆகாது. பழைய கைபேசி, மடிக்கணினி ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்த இலிதியக் கலங்களைச் சேர்த்துக் கட்டி விற்பதை வாங்காதீர்கள். அவற்றிற் பல வேறு இரசாயனத்தன. தீப்பற்றும் ஆபத்து உடையன. உறைபனியில் இலிதியப் பற்றரிக்கு மின்னேற்றலாகாது என்று அச்சிட்ட எச்சரிக்கை பெட்டியில் இருக்கும். வலிகாமத்தில் அதனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஈயமா இலிதியமா என்பதை விலையை மட்டும் பார்த்துத் தீர்மானித்தல் கூடாது. எத்தனை முறை பயன்படுத்துவீர்கள் என்பதே தீர்மானிக்கும். நல்ல ஆழச்சுற்று ஈயப் பற்றரி பாதியளவு இறக்கினால் 600 சுற்றுகள் உழைக்குமெனக் கொள்வோம். இலிதியம் 2,500 சுற்றுகள் உழைக்குமெனக் கொள்வோம். தை தொடக்கம் புரட்டாதி வரை இறைப்புக்குரியது ஏறக்குறைய 270 நாட்கள். தனிக் கிணற்றில் நாள்தோறும் இறைப்பவர்க்கு ஈயம் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் நிற்கும்; இலிதியம் ஒன்பது ஆண்டுகள் நிற்கும். அவர் மூன்று மடங்கு விலை கொடுத்து இலிதியம் வாங்கினாலும் இலாபமே. ஆனால் நான்கு நாளுக்கொரு முறை இறைக்கும் பங்காளர்க்கு ஆண்டுக்கு 67 சுற்றுகளே செல்லும். சுற்றுகள் முடியுமுன் ஈயப் பற்றரி வெப்பத்தாலும் முதுமையாலும் நான்கைந்து ஆண்டுகளில் ஓயும். இலிதியத்தின் மிகுதிச் சுற்றுகளோ அவர்க்குப் பயன்படா. அவர்க்குக் குழாய்த்தகட்டு ஈயமே போதியது என்பது எமது கருத்து. பங்காளர் நால்வரும் சேர்ந்து ஒரே இலிதியப் பற்றரியை வாங்கிக் கிணற்றடியில் நிலையாக வைப்பின் கணக்கு மறுபடியும் மாறும். அப்பொழுது அது நாள்தோறும் உழைக்கும் பற்றரி ஆகிவிடும். பங்குக் கிணற்றில் தொட்டியும் வாய்க்காலும் பொதுவாக இருக்கையில் பற்றரியும் பொதுவாக இருத்தல் புதுமையன்று. ஆனால், அடுத்தவர் முறை தொடங்குமுன் அது நிறைந்திருத்தல் வேண்டுமாதலால், ஒரு நாளிலேயே முழுதும் ஏற்றத்தக்க படல் வேண்டும்.

வோல்ற்றும் கம்பியும்

12 வோல்ற்றில் 500 உவாற்று மோட்டர் 42 அம்பியர் இழுக்கும். 24 இல் 21. 48 இல் 10 அம்பியருக்குச் சற்று மேல். ஓட்டம் கூடினால் கம்பி தடிக்க வேண்டும். பற்றரி கொட்டிலிலும் மோட்டர் கிணற்றிலும் இருக்க, இடைத்தூரம் 20 மீற்றர் எனக் கொள்க; போய்வரும் கம்பி 40 மீற்றர். 6 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி போட்டால் 12 வோல்ற்றில் ஏறக்குறைய 4.8 வோல்ற்று கம்பியிலேயே மறையும். நூற்றுக்கு நாற்பது பங்கு! மோட்டர் முனகுமேயன்றி நீர் ஏறாது. 24 இல் அதே கம்பியில் நூற்றுக்குப் பத்து மறையும். 48 இல் இரண்டரை. ஆதலால் இத்தகைய மோட்டருக்கு 12 வோல்ற்றைத் தெரிய வேண்டாம். 24 ஐத் தெரிந்தால் 16 சதுர மில்லிமீற்றர்க் கம்பி போடுக, அல்லது பற்றரியைக் கிணற்றுக்கு அருகே கொண்டு வருக.

பற்றரியின் நேர் முனைக்கு அருகிலேயே உருகி ஒன்று இருத்தல் வேண்டும். மோட்டருக்கு அருகில் வைத்த உருகி, கம்பி நடுவில் நசுங்கித் தொடுத்துக்கொண்டால் காப்பாற்றாது. தொடராகவும் சமாந்தரமாகவும் இணைக்கும் பற்றரிகள் யாவும் ஒரே வகையாய், ஒரே அளவாய், ஒரே நாளில் வாங்கியனவாய் இருத்தல் வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் பழையது புதியதையும் கெடுக்கும்.

சூரியப் படலின் பங்கு

பகலில் இறைப்பவர் பற்றரி ஒன்றையே நம்ப வேண்டியதில்லை. 600 உவாற்றுப் படல், தூசியும் வெப்பமும் போக, வெயில் நன்றாக உள்ள ஐந்து மணி நேரத்தில் சராசரி 350 உவாற்றுக் கொடுப்பின், 1,750 உவாற்று-மணி மோட்டருக்கு நேரே செல்லும். மிகுதி 1,750 ஐயே பற்றரி கொடுக்க வேண்டும். ஆறு ஈயப் பற்றரிகள் நான்காகக் குறையும். முறை முடிந்த மறு நாளும் அதற்கடுத்த நாளும் அதே படல் அவற்றை மீண்டும் நிரப்பிவிடும். ஈயப் பற்றரியை இறங்கிய நிலையில் நாட்கணக்கில் விட்டால் தகட்டில் வெண்படிவு இறுகிக் கொள்ளளவு குறையுமாதலால், முறை முடிந்தவுடனேயே மின்னேற்றம் தொடங்குதல் முக்கியம்.

உயரமான தொட்டியும் சொட்டுநீர்க் குழாயும் உடையவர் பற்றரியை முற்றாகத் தவிர்த்துப் படலிலிருந்து நேரே மோட்டரை ஓட்டி, வெயில் உள்ளபோது தொட்டியை நிரப்பி, வேண்டியபோது விடலாம். பற்றரி நான்கைந்து ஆண்டில் ஓயும். சீமந்துத் தொட்டி ஒரு தலைமுறை நிற்கும். இதனை முதலில் எண்ணிப் பார்த்த பின்பே பற்றரிக் கடைக்குச் செல்லுமாறு கூறுவோம்.

வீட்டுக் கூரையில் மின்சார வழியோடு இணைத்த படல் வைத்திருப்போர் ஒன்றை அறிதல் வேண்டும். மின்தடை ஏற்பட்டால் அதுவும் தானாக நின்றுவிடும்; வழியில் வேலை செய்யும் தொழிலாளரின் உயிர்க்காப்புக்காக அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. பற்றரி சேர்த்த தனி அமைப்பே மின்தடையில் உதவும்.

கடனீரேரியில் வள்ளத்துக்குச் சிறு மின்மோட்டர் பூட்ட எண்ணும் மீன்பிடி உறவினர் உங்களிடம் இதே கணக்கைக் கேட்கவுங்கூடும். அவர்களுக்குச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. வள்ளத்தின் வேகத்தைப் பாதியாக்கினால் வேண்டிய வலு ஏறக்குறைய எட்டில் ஒன்றாகக் குறையும். முழு வேகத்தில் 50 அம்பியர் இழுக்கும் 12 வோல்ற்று மோட்டர், 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியின் பாதியை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தீர்த்துவிடும். மெதுவாகச் சென்றால் பகலிற் பெரும்பகுதி ஓடும். பம்பிக்கோ இச்சலுகை இல்லை. நீரை 8 மீற்றர் தூக்கியே ஆக வேண்டுமாதலால், வேகத்தைப் பெரிதுங் குறைத்தால் மோட்டர் சுழலும், நீர் வாய்க்காலுக்கு வராது.

பராமரிப்பு

ஈயப் பற்றரிக்குக் கிணற்று நீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். சுண்ணக்கல்லில் ஊறிய எமது நீரில் கல்சியமும் குளோரைட்டும் மிகுதி. கேத்திலின் அடியில் வெண்பொருக்கு கட்டுவதைக் காண்கின்றீர்கள். அதுவே தகட்டையும் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீரையே, தகடு மூடும் அளவுக்கு, மாதம் ஒருமுறை பார்த்து ஊற்றுக. அமிலம் ஊற்றுதல் வேண்டியதில்லை, குறைவது நீர்தான்.

நிலையை அறிய நீர்மானி நல்ல கருவி. நிறைந்த பற்றரியில் அது ஏறக்குறைய 1.27 காட்டும்; பாதியில் 1.20, முற்றாக இறங்கினால் 1.12. வோல்ற்றுமானி வைத்திருப்பவர் மோட்டரை நிறுத்தி ஒரு மணி நேரம் சென்ற பின் பார்த்தல் வேண்டும். 24 வோல்ற்றுத் தொகுதியில் 25.4 எனில் நிறைவு, 24.4 எனில் பாதி. அதனிலும் குறைந்தால் அன்றைய இறைப்பை நிறுத்துக. இலிதியத்தை வோல்ற்றால் மதிப்பிட முடியாது. அது முடிவு வரை ஒரே அளவாக நின்று திடீரெனக் கீழிறங்கும். அதற்கு உட்சென்றதையும் வெளிவந்ததையும் எண்ணும் மானி வேண்டும்.

வெப்பம் பற்றரிக்குப் பகை. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் பாதியாகக் குறையுமென்பது பொது விதி. தகரக் கொட்டிலிலும் கிடுகு வேய்ந்த, காற்றோட்டமுள்ள கொட்டில் மேலானது. மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிவரும்; அவ்விடத்தில் சுருட்டு, விளக்கு இரண்டும் ஆகா. கடற்காற்று வீசும் வடமராட்சி, தீவகப் பகுதிகளில் முனைகளைத் துடைத்து வசலீன் பூசுக. பசளையையும் கிருமிநாசினியையும் அதே கொட்டிலில் வைக்காதீர்கள்.

பற்றரியைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தல் கூடாது. சிந்தும் அமிலம் சுண்ணக்கல்லை அரித்து வெடிப்புகளினூடாக நீரைச் சேரும். அதனோடு ஈயமும் சேரும். ஈயம் சிறுவர்களின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. பழைய பற்றரியை உடைத்து ஈயம் உருக்குவதும், அமிலத்தைத் தோட்டத்தில் ஊற்றுவதும் வேண்டாம். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையிற் கழித்துக்கொள்க.

கிணறு எவ்வளவு தரும்?

இவ்வளவும் கூறிய பின், பற்றரியிலும் முக்கியமான ஒன்றைக் கூற வேண்டும். மண்ணெண்ணெய்ப் பம்பிக்கு ஒரு கடிவாளம் இருந்தது. எண்ணெய் விலையே அது. வேண்டியதற்கு மேல் எவரும் இறைத்திலர். சூரியனால் ஓடும் மோட்டருக்கு அக்கடிவாளம் இல்லை. வெயில் உள்ளவரை ஓடட்டுமென விட்டுவிட மனம் எழும்.

குடாநாட்டின் நன்னீர் மழையாற் பெய்து, சுண்ணக்கல்லினுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கின்றது. நன்னீரிலும் கடல்நீர் நாற்பதில் ஒரு பங்கு பாரங் கூடியது. ஆதலால் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்குமெனக் கணக்கிடுவர். இதன் மறுபக்கம் யாதெனில், மேல்மட்டம் 1 அடி நிலையாகத் தாழ்ந்தால் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏற இடமுண்டு என்பதே. கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உள்ளமையால், சில கிணறுகளில் அது கணக்குக்கு முந்தியும் ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இவ்வியல்பை எல்லோரும் காணத்தக்க சான்று.

சிறு மோட்டரின் நன்மையும் இங்கேயே உள்ளது. மணிக்கு 10,000 இலீற்றராக ஏழு மணி நேரம் இறைத்தல், அதே நீரை 30,000 இலீற்றராக இரண்டரை மணி நேரத்தில் இறைப்பதிலும் கிணற்றுக்கு மென்மையானது; மட்டம் ஆழத் தாழாது, உவர் கூம்பாக எழுவதும் குறையும். ஆனால் ஏழு மணி நேரம் பத்தாக நீளுமாயின் அந்நன்மை போய்விடும்.

எனவே மோட்டருக்கு நேரக்கணிப்பு ஆளி ஒன்று பூட்டுக. 72,000 இலீற்றர் தேவையெனில் அதற்குரிய நேரத்தில் அது தானாக நிற்கட்டும். கிணற்றின் உட்சுவரில் அடிக்கணக்காகக் கோடிட்டு, இறைப்புத் தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் மறுநாட் காலையிலும் நீர்மட்டத்தைக் கொப்பியில் எழுதுக. மறுநாட் காலையில் மட்டம் பழைய கோட்டுக்கு வரவில்லையெனில் அடுத்த முறையில் ஒரு மணி நேரத்தைக் குறைக்க வேண்டும். வெங்காயம், போஞ்சி, கரட் ஆகியன உவர்ப்பை மிகக் குறைவாகவே தாங்கும். நாவுக்குத் தெரியுமுன் அவற்றின் இலை நுனி கருகத் தொடங்கும். மாசியில் ஒரு போத்தலும் ஆடியில் ஒரு போத்தலும், இறைப்பு முடியும் வேளையில் எடுத்த நீரை நிரப்பி, நாளையும் கிணற்றின் பெயரையும் எழுதி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்து, மின்கடத்துதிறனைப் பரிசோதிப்பிக்குமாறு கேளுங்கள். ஆடிப் போத்தலின் அளவு மாசிப் போத்தலினதை விடப் பெரிதும் கூடியிருந்தால், பற்றரியைப் பெருப்பிப்பதை விட்டுச் சொட்டுநீர்க் குழாய்க்குப் பணத்தைச் செலவிடுங்கள்.